படிகாரத்தின் சரியான அளவு: கலங்கிய ஆற்று நீரைத் தெளிய வைக்கும் செய்முறை

ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்ததும் தாமிரபரணி செந்நிறமாகக் கலங்கி வருவதைக் குறுக்குத்துறைப் படித்துறையில் காணலாம். அந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வைத்தால் மணல் சில நிமிடங்களில் அடியில் இறங்கிவிடும். மேலே நிற்கும் கலங்கலோ மறுநாளும் முழுமையாகத் தெளிவதில்லை. இருட்டறையில் டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சினால் ஒளியின் பாதை துலங்கித் தெரியும். டின்டால் விளைவு எனப்படும் இது, நீரில் கூழ்மத் துகள்கள், அதாவது எளிதில் படியாமல் மிதக்கும் மிக நுண்ணிய துகள்கள், இருப்பதற்கு அடையாளம்.

ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பருமனுள்ள களிமண் துகள் அசையாத நீரில் 10 செ.மீ. இறங்கவே ஒரு நாளுக்கு மேலாகும். அதிலும் பத்தில் ஒரு பங்கு பருமன் என்றால் ஏறத்தாழ நான்கு மாதம். துகள்கள் ஒட்டித் திரண்டால் விரைவில் படியும். ஆனால் அவற்றின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால், நெருங்கும்போதெல்லாம் ஒன்றையொன்று விலக்குகின்றன. இந்த விலக்கத்தைத் தணிப்பதே படிகாரத்தின் முதல் வேலை.

நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய படிகாரத்தைப் பொடித்து, 10 கிராமை ஒரு லிட்டர் நல்ல நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். இக்கரைசலின் ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் படிகாரம் இருக்கும். அடுத்து, நான்கு பாத்திரங்களில் தலா ஒரு லிட்டர் ஆற்று நீரை நிரப்புங்கள். ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்ற மூன்றில் சிரிஞ்சினால் முறையே 2, 4, 6 மில்லிலிட்டர் கரைசலைச் சேர்த்து, உடனே ஒரு நிமிடம் வேகமாகக் கலக்குங்கள். படிகாரத்திலுள்ள அலுமினியம் நீர் முழுவதும் பரவுவதற்கு இந்த வேகம் தேவை.

பிறகு கால் மணி நேரம் மிக மெதுவாகக் கலக்க வேண்டும். பொறுமை வேண்டிய கட்டம் இதுதான்; அவசரப்பட்டு வேகமாகச் சுழற்றினால் திரண்டவை உடைந்துபோகும். மூன்று நேர்மின்னூட்டம் கொண்ட அலுமினிய அயனி துகள்களின் விலக்கத்தைத் தணிப்பதோடு, நீரிலுள்ள பைகார்பனேட்டுடன் வினைபுரிந்து அலுமினியம் ஹைட்ராக்சைடாக மாறுகிறது. பஞ்சுப் பொதி போன்ற அந்த வெண்திரள் களிமண்ணை வாரிக்கொண்டு இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஷுல்ஸ்–ஹார்டி விதிப்படி, அயனியின் மின்னூட்டம் கூடக் கூடக் கூழ்மத்தைத் திரளச் செய்யும் ஆற்றல் பன்மடங்கு பெருகும். உப்பிலுள்ள சோடியம் அயனிக்கு ஒரே மின்னூட்டம் என்பதால் அந்த ஆற்றல் குறைவுதான். இருந்தாலும், புன்னைக்காயலில் ஆறு கடலைச் சேரும்போது உப்பின் செறிவு மிக அதிகம் என்பதால் அங்கும் களிமண் திரண்டு சேறாகப் படிகிறது.

அரை மணி நேரம் அசைக்காமல் வைத்திருந்து ஒப்பிடுங்கள். நன்கு தெளிந்தவற்றுள் மிகக் குறைந்த அளவையே தேர்ந்தெடுங்கள். அளவு மிகுந்தால் துகள்கள் நேர்மின்னூட்டம் பெற்று மீண்டும் விலகத் தொடங்கலாம். நீரின் அமிலத்தன்மையும் கூடும். ஆற்றின் கலங்கல் நாளுக்கு நாள் மாறுவதால் நேற்றைய அளவு இன்றைக்குப் பொருந்தாது. ஒவ்வொரு முறையும் சோதிப்பதே சரி.

பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை இழைக்கும் நம் பழைய முறையும் வேலை செய்யும். அதிலுள்ள நீண்ட மூலக்கூறுகள் துகள்களை இணைத்துத் திரளச் செய்கின்றன. எந்த முறையில் தெளிந்த நீரிலும் கிருமிகள் எஞ்சியிருக்கும். எனவே தெளிவை மட்டும் மெல்ல இறுத்து, துணியில் வடிகட்டி, கொதிக்க வைத்த பிறகே குடிக்க வேண்டும்.