மாரியில் வன்னி வீட்டுக் கணினி

கொழும்பிலிருந்து ஏ9 வீதி வழியாகக் குளிரூட்டிய வான் வண்டியில் வந்து கிளிநொச்சியில் இறங்கியதும் மடிக்கணினியை எடுத்து முடுக்கிவிடாதீர்கள். வெளியே 30 பாகை வெப்பமும் 80 சதவீத ஈரப்பதனும் இருந்தால், 26 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளிலும் காற்றின் ஈரம் நீராகப் படியும். 22 பாகை வானுக்குள் கிடந்த கணினியின் உட்பாகங்களும் அதற்கு விலக்கல்ல. பையைத் திறக்காமல் இரண்டு மணித்தியாலம் வையுங்கள்.

அம்மா அப்பாவுக்கென்று விட்டுவரும் மேசைக் கணினிக்கு வேறு ஆபத்து. தூசு படிந்த மதர்போட்டில் (உள்ளிருக்கும் முதன்மைச் சுற்றுப்பலகை) ஈரம் ஊறினால் மின் கசியும், செப்பில் பச்சைக்களிம்பு பிடிக்கும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக்காற்றும் சேர்வதால் அரிப்பு இன்னும் வேகம். கணினியின் உட்புறம் அறைக்காற்றைவிடச் சற்றுச் சூடாக இருந்தால் ஈரம் தங்காது. அதனால் ஐப்பசியிலிருந்து தை வரை நாளுக்கு ஒரு மணித்தியாலமாவது ஓடவிடச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். துணியால் போர்த்தி மாதக்கணக்கில் மூடிவைப்பது பாதுகாப்பே அல்ல. சீமெந்து நிலமும் சுவரும் மாரியில் ஈரம் இழுக்கும். நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில், சுவரிலிருந்து அரையடி தள்ளி, ஓட்டு ஒழுக்கு இல்லாத இடத்தில் வையுங்கள்.

பாவிக்காத மடிக்கணினியைப் பற்றரி பாதியளவு இருக்கும்போது நிறுத்தி, றப்பர் வளையத்தோடு இறுக மூடும் 20 லீற்றர் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் 200 கிராமுடன் வைக்கலாம். செம்மஞ்சள் மணிகள் பச்சையானால் ஈரம் குடித்து முடிந்தது என்று பொருள். 120 பாகை வெதுப்பியில் இரண்டு மணித்தியாலம் காயவைத்தால் மறுபடி உதவும். நீலமணி வேண்டாம், அதில் நச்சுள்ள கோபால்ட் உண்டு. அரிசியும் வேண்டாம். அது ஈரத்தைப் போதியளவு இழுக்காது, மாவுதான் துளைகளுக்குள் போகும்.

இடி முழங்கத் தொடங்கினால் சுவிச்சை நிறுத்துவது போதாது. பிளக்கையும் இணையக் கம்பியையும் கழற்றவேண்டும். கனடாவிலிருந்து கொண்டுபோகும் பழைய மேசைக் கணினியின் பின்புறத்தில் 115/230 வோல்ற்று ஆளி இருந்தால், செருகுமுன் 230க்கு மாற்றுங்கள். மறந்தால் மின்வழங்கி வெடித்துப்போகும்.

கணினி நனைந்துவிட்டதா? முடுக்கிப் பார்க்கவே வேண்டாம். மின்னைத் துண்டித்து, பற்றரியைக் கழற்றி, மூடியைத் திறந்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் விடுங்கள். களிம்பு பிடித்த றாம் (நினைவக அட்டை) முனைகளை 99 சதவீத ஐசோபுரோபைல் அற்ககோலில் தோய்த்த மென்துணியால் துடைக்கலாம். அது எளிதில் தீப்பற்றும். விமானப் பொதியில் வைக்காமல் இலங்கையிலேயே வாங்குங்கள்.