ஸ்லைடிங் டேபிள் ஆடுதா? எந்த நட்டை எப்படித் தொடுவது

பலகையைத் தாங்கி, ரெயிலில் ஓடி, பிளேடுக்குக் கொண்டுபோகும் ஸ்லைடிங் டேபிள் உள்ள அறுப்பு மெஷினில், நேற்று மூலைமட்டத்துக்குச் சரியாக நின்ற பிளைவுட் இன்று ஒரு மில்லி கோணலாக வருகிறது, ஃபென்ஸை (பலகையை ஒட்டி வைக்கும் சட்டத்தை) எத்தனை முறை திருத்தினாலும் நிற்கவில்லை என்றால், ஃபென்ஸை விட்டுவிட்டு டேபிளைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். த்ரீ ஃபேஸ் லைன் நேராக மெஷினுக்குள் போகிறது என்றால், மெயினை அணைத்து ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். கை பிளேடுக்குப் பக்கத்திலேயே வேலை செய்யப்போகிறது.

டேபிளின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை ஆட்டுங்கள். அறுப்பைக் கோணலாக்குவது பக்கவாட்டு ஆட்டம்தான். முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்திலும் பாருங்கள். நடுவில் மட்டும் ஆடினால் அங்கேதான் ரெயில் தேய்ந்திருக்கிறது, ஏனென்றால் தினசரி ஓட்டம் முழுக்க அந்த இடத்தில்தான். அப்புறம், டேபிளை மெஷின் பாடியோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். சில நேரம் மொத்தப் பிரச்சினையும் அங்கேயே முடிந்துவிடும்.

போல்ட் டைட்டாகத்தான் இருக்கிறது என்றால் அடுத்து சுத்தம். ரெயிலிலும், அதன்மேல் உருண்டு டேபிளை ஓட்டும் பேரிங்கிலும் மரத்தூளும் பிசினும் சேர்ந்து கெட்டியாக ஒட்டியிருக்கும். தின்னரில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். துடைத்த பிறகு கிரீஸ் பூசாதீர்கள், தூளை இழுத்துப் பிடித்து மறுபடி கட்டிவிடும். சிலிகான் ஸ்பிரேயும் பாலிஷ் வேலை நடக்கும் பட்டறையில் வேண்டாம், பலகையில் பட்டால் பாலிஷ் குழிகுழியாக விலகி நிற்கும். கொஞ்சம் பாரஃபின் மெழுகு தேய்த்துத் துடைத்தாலே போதும்.

இப்போது பேரிங். கையால் சுற்றும்போது கரகரவென்றால் அதை அட்ஜஸ்ட் செய்து பயனில்லை, மாற்றிவிடுங்கள். பழையதன் ஓரத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்கலாம்: 608 என்றால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லி. தூள் பறக்கும் இடம் என்பதால் ரப்பர் சீல் வைத்த 2ஆர்எஸ் வகையைக் கேளுங்கள்.

பல மெஷின்களில் ஒரு பக்க பேரிங்குகள் அசையாமல் இருக்கும், எதிர்ப்பக்கத்து போல்ட்டுகள் எக்சென்ட்ரிக். அதாவது போல்ட்டின் அச்சு நடுவில் இல்லாமல் சற்று விலகியிருக்கும், திருப்பினால் பேரிங் ரெயிலை நோக்கி நகரும். லாக் நட்டை (போல்ட் திரும்பாமல் பிடித்திருக்கும் நட்டை) கொஞ்சமாகத் தளர்த்தி, போல்ட்டை மெல்லத் திருப்பி, பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். தானாகச் சுழன்றால் ரெயிலைத் தொடவே இல்லை. விரலுக்கு அசையாமல் இறுகி நின்றால் அதிகம். டேபிள் நின்றிருக்க, விரலால் அழுத்தித் திருப்பினால் பேரிங் ரெயில்மேல் வழுக்க வேண்டும், அந்த அளவுதான் சரி. ஒவ்வொரு பேரிங்காகச் செய்யுங்கள். லாக் நட்டை முறுக்கும்போது போல்ட்டும் கூடவே திரும்பும் என்பதால் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், முறுக்கிய பிறகு விரல் சோதனையை இன்னொரு முறை செய்ய வேண்டும். ரெயில் நடுவில் தேய்ந்திருந்தால் தேயாத முனையில் வைத்து அட்ஜஸ்ட் செய்யுங்கள். நடுவில் வைத்து இறுக்கினால் முனைகளில் டேபிள் சிக்கும். மிச்ச ஆட்டம் போக ரெயிலைத்தான் மாற்ற வேண்டும்.

ஆட்டம் போன பிறகு டேபிள் பிளேடுக்கு இணையாக ஓடுகிறதா என்று பாருங்கள். டயல் கேஜை (நுண்ணிய விலகலை முள்ளில் காட்டும் கருவியை) டேபிளில் நிறுத்தி, முன்பக்கத்தில் பிளேடின் ஒரு பல்லுக்குப் பக்கத்தில் அளவெடுத்து, அதே பல்லைப் பின்பக்கம் சுற்றிக் கொண்டுவந்து மறுபடி எடுங்கள். வேறு பல்லில் எடுத்தால் பிளேடின் நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடும். பின்பக்கம் 0.05 முதல் 0.1 மில்லி வரை விலகியிருக்கலாம், நெருங்கி மட்டும் இருக்கக் கூடாது. நெருங்கினால் பின்பல் உரசி வெட்டுமுகம் கருகும்.

கடைசியில்தான் ஃபென்ஸ். ஒரு பலகையின் நான்கு பக்கத்தையும் திருப்பித் திருப்பி அறுத்து, ஐந்தாவதாக முதல் பக்கத்திலேயே ஒரு பட்டையை வெட்டி, இரண்டு முனையிலும் அகலத்தை வெர்னியர் காலிப்பரில் அளந்து பாருங்கள். வித்தியாசத்தை நான்கால் வகுத்தால் பிழை வரும்: 600 மில்லி பட்டையில் 0.8 வித்தியாசம் என்றால் ஃபென்ஸ் அந்த நீளத்துக்கு 0.2 மில்லி தப்பியிருக்கிறது. கொஞ்சம் நகர்த்தி மறுபடி வெட்டுங்கள், வித்தியாசம் கூடினால் எதிர்த்திசையில் நகர்த்துங்கள். எல்லாம் சரியானதும் ஒவ்வொரு லாக் நட்டின் மேலும் பெயிண்டால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள், நட்டு அசைந்தால் கோடு உடைந்து தெரியும்.