உறவினர் வரும் நாட்களில் வைஃபைக்கு ஒரு தனி வாசல்

நல்லூர்த் திருவிழாவுக்கு கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவுகள் வந்து இறங்கியதும், தேநீர் ஆறுவதற்குள் கேட்பது வைஃபை கடவுச்சொல்லைத்தான். உங்கள் முதன்மைக் கடவுச்சொல்லைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். கொடுத்தால், அவர்களுடைய கைத்தொலைபேசிகள் எல்லாம் உங்கள் கணினியும் பிரின்டரும் சிசிடிவி கமராவும் இருக்கும் அதே வலையமைப்புக்குள் வந்துவிடும். அவற்றில் ஒன்றில் வைரஸ் இருந்தாலும் ஆபத்து உங்கள் வீட்டுக்குத்தான்.

பெரும்பாலான ரவுட்டர்களில் 'கெஸ்ட் நெட்வேர்க்' என்ற வசதி, அதாவது விருந்தினருக்கென ஒரு தனி வைஃபை, இருக்கிறது. ரவுட்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் முகவரியை, பலவற்றில் 192.168.1.1, பிரவுசரில் தட்டி உள்ளே சென்று அதை இயக்குங்கள். வேறு பெயரும் வேறு கடவுச்சொல்லும் கொடுங்கள். விருந்தினர் உங்கள் வீட்டு வலையமைப்பை அணுக அனுமதிக்கும் தெரிவு இருந்தால், அது அணைந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது திறந்திருந்தால் இவ்வளவும் வீண்.

அலைவரிசையைக் கேட்டால் 2.4 கிகாஹேர்ட்ஸைத் தெரிவுசெய்யுங்கள். 5 வேகமானதுதான், ஆனால் நம்முடைய பழைய நாற்சார் வீடுகளின் தடித்த சுவர்களைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும்.

உள்ளே சென்ற கையோடு, ரவுட்டருடன் வந்த நிர்வாகக் கடவுச்சொல்லையும் (இந்த அமைப்புப் பக்கத்துக்குள் நுழையக் கொடுப்பது) மாற்றிவிடுங்கள். உறவினர் விமானம் ஏறியதும் கெஸ்ட் நெட்வேர்க்கை அணைத்துவிடலாம்.