பாத்திரத்தை நிரப்பித் திருப்பித் தராதீர்கள்: சிறிய யூதக் கிராமத்தில் புதிதாகக் குடியேறுவோர் செய்யும் தவறுகள்

வட இஸ்ரேலில் ஒரு சமய மோஷாவில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். வயதான பாட்டி ஒருவரைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை. மோஷாவ் என்றால் ஆளுக்கொரு வீடும் நிலமுமாக, சில காரியங்களை மட்டும் கூட்டுறவாகச் செய்யும் விவசாயக் கிராமம். எங்கள் மோஷாவில் நூற்றுச் சொச்சம் குடும்பங்கள். பாட்டியே 1950களில் மொராக்கோவிலிருந்து சிறுமியாக வந்து இறங்கியவர்தான். பழைய வீடுகளுக்குப் பின்னால் போட்ட புதிய மனைகளில் பிரான்ஸ், எத்தியோப்பியா, அமெரிக்கா, நம் மணிப்பூர் என்று பல இடங்களிலிருந்து குடும்பங்கள் வந்துகொண்டே இருந்தன. 1950ல் வந்த திரும்புதல் சட்டப்படி, உலகில் எங்கே வாழும் யூதரும் இஸ்ரேலுக்குக் குடிவரலாம். இதற்கு அலியா என்று பெயர், 'மேலே ஏறுதல்' என்று பொருள். அப்படி வருகிறவர்கள் ஓலிம்.

இந்த ஓலிம் செய்யும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்னைப் போல வேலைக்குப் போகிறவர்களுக்கும், ஆராய்ச்சிக்குப் போய் வெள்ளிக்கிழமை விருந்துக்கு அழைக்கப்படுகிறவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதல் தவறு நான் செய்தது. போன முதல் மாதத்தில் பக்கத்து வீட்டம்மா ஒரு பானை நிறைய கறிக்குழம்பு கொடுத்தனுப்பினார். நம் ஊரில் கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவதுண்டா? சுடச்சுடப் பால் பாயசம் வைத்து, அந்தப் பானையிலேயே ஊற்றிக் கொண்டுபோனேன். அந்தம்மா மூடியைத் திறந்தார், ஒரு நொடி பேச்சில்லை. பிறகு என்னை உட்கார வைத்து, பானையின் கைப்பிடியில் இருந்த சிவப்புப் புள்ளியைக் காட்டினார். சிவப்பு என்றால் இறைச்சிக்கு, நீலம் என்றால் பாலுக்கு. கோஷர் என்ற யூத உணவு விதிப்படி இரண்டும் எந்த நாளும் சேரக்கூடாது. சூடான பால் பட்டதும் அதன் சுவையை இறைச்சிப் பானை உள்ளே இழுத்துக்கொண்டதாகக் கணக்கு. நம் வீடுகளில் பத்து, மடி என்று சமையலறை ஆசாரம் பார்ப்பவர்களோடு இருந்து பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஆனால் இங்கே கழுவினால் போகாது. பானையை ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைத்திருந்து, மறுநாள் ஒரு பெரிய அண்டாவில் தளதளவென்று கொதிக்கும் நீரில் முக்கி எடுத்தார். எவர்சில்வர் என்பதால் தப்பித்தது, மண்பானையாக இருந்தால் தூக்கித்தான் போட்டிருக்க வேண்டும். பாயசத்தை யாரும் சாப்பிடவில்லை. யூதரல்லாதவர் தனியாகச் சமைத்ததை உண்பதிலும் அவர்களுக்குத் தடை உண்டு. அதனால்தான் எங்கள் வீட்டில் அடுப்பைப் பாட்டியே பற்றவைப்பார், பாத்திரத்தையும் நடுங்கும் தன் கையாலேயே ஏற்றுவார். மற்றதெல்லாம் என் பொறுப்பு.

புதிதாக வரும் யூதக் குடும்பங்களும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள், அவர்கள் வீட்டிலும் கோஷர் உண்டு என்றாலும். உணவுப் பொருளில் ஒருவர் ஏற்கும் கோஷர் முத்திரையை இன்னொருவர் ஏற்கமாட்டார். இறைச்சி சாப்பிட்டபின் பால் தொட ஆறு மணி நேரம் காத்திருப்பவர்கள் உண்டு, ஜெர்மனி வழி வந்தவர்களில் மூன்று மணி நேரத்தோடு விடுபவர்களும் உண்டு. எதையாவது கொண்டுபோக ஆசைப்பட்டால், "உங்கள் வீட்டுக்கு என்ன கொண்டுவரலாம்?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அங்கே அந்தக் கேள்வியை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள், மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள்.

அடுத்தது வெள்ளிக்கிழமை. வியாழனிலோ வெள்ளியிலோ குடிபுகவே கூடாது என்பேன். ஷப்பாத் என்ற வார ஓய்வுநாளுக்கான விளக்குகளைப் பல ஊர்களில் சூரியன் மறைய 18 நிமிடம் முன்பே ஏற்றிவிடுவார்கள். அதிலிருந்து மறுநாள் இரவு நட்சத்திரம் தெரியும் வரை, சுமார் 25 மணி நேரம், ஒரு சுவிட்சைக்கூடத் தொடமாட்டார்கள். மோஷாவின் மஞ்சள் கேட் மூடிவிடும். அதனால் மதியமே எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். சாப்பாட்டைச் சூடாக வைக்கும் பிளாட்டா என்ற மின்தகடு, வெந்நீர்க் கலம், விளக்கை அணைத்து ஏற்றும் டைமர், முன்பே கிழித்து வைத்த டாய்லெட் பேப்பர் என்று ஒரு பட்டியலே இருக்கும். பிரான்சிலிருந்து வந்த ஒரு குடும்பம் வியாழன் இரவு குடிபுகுந்தது. வாடகை வீட்டு ஃப்ரிட்ஜின் உள்ளே எரியும் பல்பைக் கழற்ற மறந்துவிட்டார்கள். கதவைத் திறந்தால் பல்பு எரியும், எரியவைப்பது தடை. ஆக, சனிக்கிழமைக்குச் சமைத்தது அத்தனையும் உள்ளே மாட்டிக்கொண்டது.

அந்த வீட்டுக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்று, "எங்களால் ஃப்ரிட்ஜைத் திறக்க முடியவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். யூதரல்லாதவரிடம் "இதைச் செய்" என்று ஷப்பாத்தில் நேரடியாகச் சொல்வதும் அவர்களுக்கு ஆகாது. நாமாகவே புரிந்துகொண்டு செய்ய வேண்டும். நான் எழுவதற்குள் பாட்டி என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, "எல்லோரையும் இங்கே கூட்டிவா" என்றார். அந்தக் குடும்பத்தின் ஐந்து பேரும் எங்கள் மேசையில்தான் சாப்பிட்டார்கள். அவ்வளவு சந்தோஷமாகப் பாட்டியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் அந்த மனிதர் கூச்சத்தில் அதன் பிறகு எதையுமே கேட்கவில்லை. சின்ன ஊரில் எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு இதுதான் என்பது என் எண்ணம். புதுக் குடும்பம் வந்தால் முறைபோட்டுச் சாப்பாடு கொண்டுவருவார்கள். இரண்டு முறை "வேண்டாம், போதும்" என்று சொல்லிப் பாருங்கள், தனியாக இருக்க விரும்புகிறீர்கள் என்று முடிவுகட்டி, மரியாதையோடு ஒதுங்கிவிடுவார்கள். அப்புறம் அவர்களைத் திரும்ப வரவழைப்பது கஷ்டம். நம்மை ஒதுக்கிவிட்டார்களே என்று நீங்களும் வருந்திக்கொண்டிருப்பீர்கள்.

வாங்குவதற்குக் கூச்சப்படுகிறவர்களே கொடுப்பதையும் தள்ளிப்போடுகிறார்கள். மொழி வரட்டும், வேலை கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். அது எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கூட்டுத் தொழுகைக்கு, சமய வழக்கப்படி, வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். இதுதான் மின்யான். குளிர்காலத்து விடிகாலையில் ஒன்பது பேர் நின்றுகொண்டு பத்தாவது ஆளுக்காக வாசலைப் பார்ப்பதை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அன்று பெற்றோரை இழந்து துக்கத்தில் இருப்பவர் ஒருவர் அந்த ஒன்பது பேரில் இருந்தால், பத்தாவது ஆள் வராமல் அவரால் கதீஷ் பிரார்த்தனையைச் சொல்ல முடியாது. எபிரேயத்தில் நாலு வார்த்தை பேச வராதவரும் அந்த வாசலில் நுழைந்தால் போதும். அவர் முகத்தை ஊர் மறக்காது.

வழக்கம் பற்றிய சண்டை இன்னொரு பக்கம். எல்லோரும் யூதர், எல்லோரும் சமயப் பற்றுள்ளவர், அதனால் ஒரே மாதிரி இருப்பார்கள் என்று நினைத்து வருகிறார்கள். பஸ்கா பண்டிகையின்போது ஐரோப்பிய வழி அஷ்கனாசியர் அரிசி தொடமாட்டார்கள். ஸ்பெயின் வழி வந்த செஃபார்திகளில் பலர் சாப்பிடுவார்கள். ஆனால் மொராக்கோக்காரர்களிலேயே பல வீடுகளில் அரிசிக்குத் தடை உண்டு. வெளிநாட்டில் இரண்டு நாள் கொண்டாடிய பண்டிகையை இங்கே ஒரு நாளோடு முடிப்பார்கள். வந்த மூன்றாம் வாரமே, "எங்கள் ஊரில் இப்படி இல்லை" என்று தொழுகைக்கூடத்தில் திருத்தக் கிளம்பினால் மனக்கசப்புதான் மிஞ்சும். வீட்டுக்குள் உங்கள் வழக்கம், கூடத்தில் ஊர் வழக்கம். ஓரிரு வருடம் இப்படிப் போகட்டும்.

மொராக்கோக்காரர்களின் மோஷாவில் மிமூனா இரவன்று அழைப்புக்குக் காத்திருப்பதும் தவறு. பஸ்கா முடியும் அந்த இரவில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தே இருக்கும். பரோட்டா மாவைப் போல எண்ணெய் தொட்டு மெல்லிசாக விரித்து, அடுக்கடுக்காகச் சுட்ட முஃப்லெத்தாவை வெண்ணெயும் தேனும் தடவித் தருவார்கள். யாரையும் அழைக்கமாட்டார்கள். நீங்களாக உள்ளே போக வேண்டும்.

வீட்டை உடனே வாங்காதீர்கள். ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். நெகேவ், கலிலேயா பகுதிச் சிற்றூர்களில் புதியவரைச் சேர்க்கலாமா என்று முடிவுசெய்ய ஏற்புக் குழுக்களுக்கு 2011ல் சட்டம் அதிகாரம் கொடுத்தது. முதலில் 400 குடும்பங்கள் வரை உள்ள ஊர்களுக்கு, 2023ல் 700 வரை. அரபுக் குடிமக்களை வெளியே நிறுத்தவே இது பயன்படுகிறது என்ற விமர்சனம் உண்டு, அதில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். யூத ஓலிமும் இந்தக் குழுவின் முன் உட்கார வேண்டிவரலாம். அதற்குள் ஊர் உங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இன்னொன்று, நாட்டில் உள்ள நான்கு மருத்துவக் காப்பு நிதிகளில் எதன் கிளினிக் பக்கத்தில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். நகரத்து உறவினர் சொன்னார் என்று சேர்ந்துவிட்டு, காய்ச்சலுக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எபிரேயம் கற்பிக்கும் ஊல்பான் வகுப்பு சுமார் ஐந்து மாதம் நடக்கும். வேலை தேட வேண்டும் என்று பாதியில் விடுபவர்கள் பின்னால் வருந்துகிறார்கள். அதைவிட மோசம், பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்குவது. பத்து வயதுப் பெண் ஒருத்தி, தன் அம்மாவின் வயிற்றில் இருக்கும் கட்டியைப் பற்றி டாக்டர் சொன்னதை வார்த்தை வார்த்தையாக மாற்றிச் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். ஊரில் உங்கள் மொழி தெரிந்த பெரியவர் ஒருவராவது இருப்பார். அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வரவேற்கும் ஊர் செய்யும் தவறுகளையும் சொல்லாமல் விட முடியாது. கொச்சி யூதர்களின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன் சேர மன்னர் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பானுக்கு வட்டெழுத்தில் செப்பேடு பொறித்துக் கொடுத்த சமூகம் அது. 1950களில் அவர்கள் கிளம்பியபோது, யானைக்கால் நோய் பரவும் என்று பயந்து இஸ்ரேல் அதிகாரிகள் அவர்கள் வருகையைத் தாமதப்படுத்தினார்கள். வந்தவர்களில் பலரை நெவாத்திம் போன்ற வறண்ட இடங்களில் குடியமர்த்தினார்கள். ஒன்றுமில்லாதவர்கள் என்ற எண்ணத்தோடுதான் பலரும் அவர்களைப் பார்த்தார்கள். ஆனால் அந்த வீட்டுப் பெண்களிடம் தலைமுறை தலைமுறையாகக் கையால் எழுதி வைத்த மலையாளப் பாட்டு நோட்டுகள் இருந்தன. அந்த நெவாத்திமிலிருந்துதான் பின்னால் பூக்கள் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாயின. வருகிறவர்களுக்கு என்ன தெரியும், என்ன பாடுவார்கள், எதைச் சமைப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். கற்றுக்கொடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு தவறு, முதல் மாதம் கூட்டமாக வந்துவிட்டு அப்புறம் காணாமல்போவது. அரசு தரும் குடியேற்ற உதவித்தொகை சுமார் ஆறு மாதத்தில் நின்றுவிடும். விருந்தழைப்பும் ஏறக்குறைய அதே சமயத்தில் நிற்கும். பாட்டி சமையலறை நாட்காட்டியில், புதுக் குடும்பம் வந்த நாளிலிருந்து எண்ணி எட்டாவது மாதத்தில் ஒரு வட்டம் போட்டுவைப்பார். அன்று ஒரு பானை கூஸ்கூஸோடு அந்த வீட்டுக்கு என்னைத் தள்ளுவண்டியைத் தள்ளச் சொல்லிக் கிளம்புவார். இரண்டு நாள் கழித்துப் பானையை வாங்கிவர நான் போவேன். கழுவித் துடைத்து, காலியாக வைத்திருப்பார்கள்.