தோள் கவசம் பண்றது எப்படி: சிங்கப்பூர்ல வீவக அடுக்குமாடி வீட்டுல இரும்பு தைக்கிறவன் சொல்றது

ஐரோப்பா பக்கம் 14, 15ஆம் நூற்றாண்டுல போர்வீரனுங்க போட்டிருந்த மாதிரி இரும்புத் தகட்டுக் கவசம் பண்ணணும்னு ஆசைப்பட்டு வர்றவங்க எல்லாரும் மொதல்ல கேக்கறது ஹெல்மெட்தான். வேணாம். அதுக்கு 2 மில்லி தகடு வேணும், ஆழமா எறக்கணும், நெருப்பு வெச்சு பழுக்கக் காய்ச்சாம முடியாது, வீட்டுல செய்யற காரியமே இல்ல. மார்க்கவசம் பாக்க ஈஸியா தெரியும், ஆனா ஒரு விரக்கட தப்பாப் போச்சுன்னா குனியவும் முடியாது உக்காரவும் முடியாது. அதனால தோள்லேர்ந்து ஆரம்பிங்க. ஸ்பால்டர்னு பேரு, தோள் மேல கிண்ணத்த கவுத்து வெச்ச மாதிரி ஒரு மூடி, அதுக்குக் கீழ கை வரைக்கும் நாலஞ்சு வளைஞ்ச பட்டி, உள்பக்கம் தோல் வார் போட்டு எல்லாத்தையும் கோத்திருக்கும், அவ்ளோதான். கவசத்துல வர்ற வேல எல்லாம் இந்த ஒரு சாமான்லயே கொஞ்சம் கொஞ்சம் வந்துடும், குழிக்கிறது, வளைக்கிறது, ரிவெட் அடிக்கிறது, அதாவது ஓட்டைல ஆணி மாதிரி சொருகி வால அடிச்சு உருட்டிக் கோக்கறது, பாலிஷ். சொதப்பினாலும் ரெண்டு கிலோ தகடுதான் நஷ்டம்.

எடய பத்தி எல்லாரும் கேக்கறதால சொல்லிடறேன், தலைலேர்ந்து கால் வரைக்கும் போர்க்களத்துக்குப் போட்ட கவசம் பொதுவா 20லேர்ந்து 25 கிலோ. கிரேன் வெச்சு குதிர மேல ஏத்துவாங்கங்கறதெல்லாம் சும்மா கத. நேஷனல் சர்வீஸ்ல, அதான் கட்டாய ராணுவ சேவைல, ஃபீல்ட் பேக் மூட்டைய தூக்கினவங்களுக்கு சொன்னா புரியும், அது மொத்தமும் தோள்லயே தொங்கும், கவசம் அப்படியில்ல, இடுப்பு கை கால்னு ஒடம்பு பூரா பிரிஞ்சு உக்காரும். ஆனா அளவு சரியா இருந்தாத்தான் அப்படி உக்காரும்.

அந்த அளவுதான் இங்க பெரிய விஷயமே. நான் இத பட்டறை வேலன்னு நெனச்சுத்தான் எறங்கினேன், முக்காவாசி டெய்லர் வேலைன்னு காட்டிக் குடுத்தது எங்கம்மா. அம்மா தேக்கால ஒரு கடைக்கு வருஷக்கணக்கா ஜாக்கெட் தச்சுக் குடுத்தவங்க. நான் தகட்டுக்கு முன்னாடி அளவு பாக்க வேங்கார்ட் ஷீட்டுன்னு தடிச்ச அட்டைய வெட்டி மாஸ்கிங் டேப் ஒட்டி கைல மாட்டிக்கிட்டு ஹால்ல நின்னுக்கிட்டு இருந்தேன், கைய முன்னாடி நீட்டினா மூடியோட ஓரம் நெஞ்சுல வந்து குத்துது, ஏன்னே புரியல. அம்மா மெஷின்லேர்ந்து எந்திரிச்சு வந்து பாத்துட்டு, "ஏன்டா, கைக்குழி முன்னாடியும் பின்னாடியும் ஒரே மாதிரி வெட்டுவாங்களா, முன்பக்கம் இன்னும் உள்ள குடஞ்சு வெட்டு"ன்னு சொல்லி கத்திரியால வளைவா ஒரு வெட்டு போட்டாங்க. சரியா உக்காந்துடுச்சு. நாம கைய எப்பவும் முன்னாடிதான் கொண்டு போறோம், பின்னாடி எத்தன தடவ கொண்டு போறோம் சொல்லுங்க.

அதனால அட்டை வேலைக்கு ரெண்டு வாரம் ஒதுக்குங்க, அவசரப்படாதீங்க. கவசத்துக்கு உள்ள பஞ்சு வெச்சு தச்ச தடிச்ச சட்ட ஒண்ணு போடுவாங்க, அத இல்லன்னா அதே தடிமன்ல எதையாவது போட்டுக்கிட்டுத்தான் அளவெடுக்கணும், வெறும் டீஷர்ட் மேல அளவெடுத்தீங்கன்னா செஞ்சு முடிச்சப்புறம் உள்ள கையே போகாது. தோள் எலும்பு நுனிலேர்ந்து கை முட்டிக்கு நாலு விரக்கட மேல வரைக்கும் நீளம் எடுங்க. மூடி ஒரு 12 சென்டி எறங்கும். மிச்சத்துக்கு பட்டிங்க, ஒவ்வொண்ணும் 5 சென்டி அகலம், அதுல ஒண்ணரை சென்டி மேல் தகட்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கணும், ஓட்டு வீட்டுல ஓடு அடுக்கற மாதிரி மேல இருக்கறது கீழ இருக்கறத மூடணும். பட்டி கைய முழுசா சுத்தி வரக்கூடாது, முக்கா வட்டத்துக்குக் கொறச்சலா நிறுத்திக்குங்க, அக்குள் பக்கம் தொறந்து கெடக்கணும். அட்டைல ஓட்ட போட்டு ஸ்கூல்ல புராஜெக்ட் ஃபைலுக்குப் போடற பித்தள கிளிப்பால கோத்து மாட்டிப் பாருங்க. கைய தூக்குங்க, தல சீவற மாதிரி பண்ணுங்க, எம்ஆர்டி ரயில்ல மேல கைப்பிடிய புடிக்கிற மாதிரி பண்ணுங்க. எங்க இடிக்குதோ அங்க வெட்டுங்க. அட்டைல இடிச்சா இரும்புலயும் இடிக்கும், தகட்டுல செய்யறப்ப எப்படியாச்சும் சரியாயிடும்னு மட்டும் விட்டுடாதீங்க.

தகடு வாங்கறப்ப மைல்ட் ஸ்டீல், கோல்ட் ரோல்டுன்னு கேளுங்க. பட்டிக்கு 1.2 மில்லி, மூடிக்கு 1.5 மில்லி. முழு ஷீட் எட்டடிக்கு நாலடி, 1.2 மில்லில அதுவே 28 கிலோ வரும், லிஃப்ட்ல நொழயாது, அதனால கடையிலயே ஷியர் மெஷின்ல 60க்கு 30 சென்டின்னு வெட்டித் தரச் சொல்லுங்க, ஒரு துண்டு 1.7 கிலோ கிட்ட வரும், பைல வெச்சு பஸ்ல கொண்டு வந்துடலாம். பளபளன்னு பூப்போட்ட மாதிரி இருக்கற துத்தநாகம் பூசின தகடு விலை மலிவா கெடைக்கும், தொடாதீங்க, அத சூடாக்கினா வர்ற பொக ஒடம்புக்கு ஆகாது, காய்ச்சல் வந்து படுத்துடுவீங்க. ஸ்டெயின்லெஸ் துரு பிடிக்காதுதான், ஆனா முரண்டு பிடிக்கும், அடிக்க அடிக்க இறுகும், மொத தடவைக்கு வேணாம். அலுமினியம் பத்தியும் கேப்பீங்க. தைப்பூசத்துக்கு அலகுக் காவடி கட்டறவங்களுக்கு ஒத்தாச பண்ணிப் பழக்கம் இருக்கறவங்க அந்தத் தகட்ட வெட்டி ஓட்ட போட்டு வளைச்சிருப்பீங்க, வேலைக்கு வெண்ண மாதிரி இருக்கும், போட்டோ எடுக்கறதுக்கு, படத்துல வர்ற மாதிரி வேஷம் போடற காஸ்பிளேக்கு அது தாராளமா போதும். அடி வாங்கறதுக்கு ஆகாது.

இப்ப எடம். வீட்டுல சுத்தியலால அடிக்க முடியாது, நான் அடிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன். ரெனவேஷனுக்கே நேரம் காலம் வெச்சிருக்காங்க, ஞாயித்துக்கெழமையும் பொது விடுமுறையும் கூடவே கூடாது, நமக்கு லீவு கெடைக்கறதே அன்னிக்குத்தான். சத்தத்தக்கூட சமாளிச்சுடலாம், கிரைண்டர் இருக்கே, அது வேற. ஒரு நாள் சர்வீஸ் யார்டுல ஜன்னல் ஓரமா நின்னு பத்து நிமிஷம் ஓரம் தேச்சேன், அவ்ளோதான். மறுநாள் காலைல கீழ்வீட்டு ஆன்ட்டி வெள்ள ஸ்கூல் சட்ட ஒண்ண கொண்டாந்து கைல குடுத்தாங்க, சட்ட பூரா பழுப்புப் புள்ளி, மொளகுத்தூள் தூவின மாதிரி. இரும்புத்தூள் பறந்து போய் ஈரத்துணில ஒட்டிக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா துருப்பிடிச்சிருக்கு. அவங்க திட்டவே இல்ல, அதுதான் கஷ்டமா போச்சு. ரெண்டு புது சட்ட வாங்கிக் குடுத்துட்டு அன்னிலேர்ந்து கிரைண்டர வீட்டுல எடுக்கறதே இல்ல.

ஆக வேலைய ரெண்டா பிரிச்சுக்குங்க. அட்டை, அரம் வெச்சு ராவறது, தோல் வேல, கையால பாலிஷ் போடறது எல்லாம் வீட்டுல. வெட்டறது, குழிக்கிறது, கிரைண்டர் எல்லாம் வெளிய, காக்கி புக்கிட், சுங்கை காடுட் மாதிரி தொழிற்பேட்ட பக்கம் பட்டறை வெச்சிருக்கற தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சனிக்கெழம மத்தியானம் ஒரு மூல கேளுங்க, கோப்பி வாங்கிக் குடுத்தா ஒத்துக்குவாங்க. காதுக்கும் கண்ணுக்கும் மாட்டிக்கிட்டுத்தான் வேல செய்யணும். தகட்டோட வெட்டுன ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், வெட்டின ஒடனே அரத்தால மழுக்கிடுங்க, அப்புறம் பண்ணிக்கலாம்னு விட்டா விரல் போயிடும்.

1.2 மில்லிய கத்திரியால வெட்டிடலாம், ஏவியேஷன் ஸ்னிப்னு ஹார்ட்வேர் கடைல கேளுங்க, செவப்புப் பிடி எடது பக்கமா வளைஞ்சு வெட்டும், பச்ச வலது பக்கம், மஞ்ச நேரா. 1.5 மில்லிக்கு அது திணறும், ஜிக்சா ரம்ப மெஷின் போட்டுக்குங்க. மூடிக்கு சுத்தி ஒரு சென்டி கூட விட்டு வெட்டுங்க, குழிக்கறப்ப ஓரம் உள்ள இழுத்துக்கும்.

குழிக்கிறதுக்கு மரத்துல ஒரு பள்ளம் வேணும், 10 சென்டி அகலம், ரெண்டு சென்டிக்கு உள்ள ஆழம். மரக்கட்டைக்கு எங்க போறதுன்னு ரொம்ப நாள் முழிச்சேன், பார்க்ல வெட்டிப் போட்டிருக்கறத தூக்கிட்டு வரக்கூடாது. கடைசில கோப்பிக்கடைல வாத்து வெட்டறாங்களே, அந்த மாதிரி தடிச்ச உருண்ட மரப்பலகை ஒண்ணு பழசா கெடச்சுது, அதுல பள்ளம் கொடஞ்சேன், இன்னி வரைக்கும் அதுதான். தகட்ட பள்ளத்து மேல வெச்சு உருண்ட முகம் உள்ள சுத்தியலால அடிக்கணும், நடுவுலேர்ந்து இல்ல, ஓரத்துலேர்ந்து. சுத்திச் சுத்தி வட்டம் போட்டுக்கிட்டே உள்ள வாங்க, ஒவ்வொரு அடியும் முன்ன அடிச்சதுல பாதிய மூடணும். எடுத்த எடுப்புல நடுவுல போட்டு அடிச்சா அந்த எடம் இழுபட்டு மெலிஞ்சு போயிடும். ஓரத்துல சுருக்கம் விழும், பாவாட கொசுவம் மாதிரி, அத பாத்த ஒடனே தட்டி நிமுத்திடுங்க, மடிஞ்சு ஒட்டிக்கிச்சுன்னா அங்க பின்னாடி வெடிக்கும். பலமா அடிக்கத் தேவையில்ல, சுத்தியலோட கனமே போதும், மணிக்கட்டு மட்டும் ஆடட்டும். நம்மூர்ல பாத்திரத்துக்கு ஒடுக்கு எடுக்கறவர் தட்டற மாதிரி, அவசரமே இல்லாம.

ஒரு மணி நேரத்துல கிண்ணம் மாதிரி வந்துடும், ஆனா அம்ம தழும்பு மாதிரி மேடு பள்ளமா இருக்கும். இப்ப அத இரும்பு உருண்ட ஒண்ணு மேல கவுத்து, வழவழப்பா பாலிஷ் பண்ணின தட்ட முக சுத்தியலால மெதுவா தட்டி சமமாக்கணும், பிளானிஷிங்னு சொல்வாங்க. உருண்டைக்கு நான் பழைய சாமான் வாங்கி விக்கிற கரௌசல் ஆப்ல வாங்கின பழைய 4 கிலோ குண்டு எறியற குண்ட ஒரு தடிச்ச குழாய் வாய்ல உக்கார வெச்சிருக்கேன். இதுக்குக் கண்ண விட காதுதான் ஒதவும். தகடு குண்டுல சரியா படிஞ்சிருக்கற எடத்துல அடிச்சா டிங்குனு சுத்தமா கேக்கும், படியாத எடத்துல அடிச்சா டொப்புன்னு செத்த சத்தம். டொப்புன்னு கேட்டா அடிக்கறத நிறுத்திட்டு தகட்ட நகத்துங்க. மார்க்கர் பேனாவால மேல கிறுக்கிட்டு தட்டினா சுத்தியல் பட்ட எடம் படாத எடம் தெரிஞ்சுடும். அலுப்பு புடிச்ச வேலதான், ஆனா இத ஒழுங்கா பண்ணினா பாலிஷ் நேரம் பாதியாகும்.

பட்டிங்கள வளைக்கிறதுல ஒண்ணும் பெரிய வித்த இல்ல, ஒரு இரும்புக் குழாய் மேல வெச்சு கையால அழுத்தி ரப்பர் சுத்தியலால தட்டுங்க.

கோக்கறது கவனமா பண்ண வேண்டிய எடம். உள்பக்கம் மூணு தோல் வார், முன்னாடி, நடுவுல, பின்னாடி, ரெண்டரை சென்டி அகலம், 3 மில்லி தடிமன். ரிவெட் எங்க அடிக்கறதுன்னா, 5 சென்டி பட்டில மேல ஒண்ணரையும் கீழ ஒண்ணரையும் அடுத்த தகட்டோட மோதற எடம், நடுவுல மிச்சம் இருக்கற 2 சென்டிலதான் ரிவெட் வரணும், வேற எங்க அடிச்சாலும் ரிவெட்டோட தல உரசும், கை மடங்காது. மொதல்ல எல்லா ஓட்டையிலயும் 4 மில்லி போல்ட் நட்டு போட்டு மாட்டிப் பாருங்க, கை ஆட்டி தூக்கி எல்லாம் பாத்து திருப்தியானப்புறம் ஒவ்வொரு போல்ட்டா கழட்டி அந்த எடத்துல ரிவெட் அடிங்க. எல்லாத்தையும் ஒரே அடியா கழட்டிட்டா தோல் நகந்துடும். கன் வெச்சு இழுக்கற, உள்ள ஓட்டையா இருக்கற பாப் ரிவெட் வேணாம், பாக்கவும் அசிங்கம், தோலையும் பிச்சுக்கிட்டு வந்துடும். ஓட்டையில்லாத முழு ரிவெட், தோல் பக்கம் வாஷர் போட்டு, வால் 5 மில்லி நீட்டிக்கிட்டு இருக்கற மாதிரி வெட்டி, சின்னச் சின்ன அடியா சுத்தி அடிச்சு உருட்டுங்க. கீழ்ப் பட்டிக்கு ஒரு பக்கிள் வார், கைய சுத்தி. மூடி உச்சில ரெண்டு ஓட்ட, கயிறு போட்டு உள்சட்டையோட முடிச்சு.

பாலிஷ் உப்புத்தாள்ல 120, 240, 400னு போங்க, ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கிற திசைய மாத்துங்க, முந்தின கோடு மறையற வரைக்கும் அடுத்ததுக்குப் போகக்கூடாது.

நம்மூர் காத்துல துரு ஒரு ராத்திரியில வரும், வெறுங்கையால தொட்ட எடத்துல காலைல விரல் ரேக தெளிவா தெரியும், போலீஸ்காரங்களுக்கே வேல மிச்சம். தொடச்சுட்டு தையல் மெஷின் எண்ணெய் லேசா பூசுங்க, இல்லன்னா மெழுகு. வைக்கிறதுக்கு டிரை கேபினட், அதான் கேமரா வைக்கிற ஈரமில்லாத பெட்டி, இருந்தா நல்லது. அலமாரியில ஈரம் உறிஞ்சறதுக்கு வைக்கிற பிளாஸ்டிக் டப்பா இருக்கே, அத மட்டும் கவசத்துக்கு மேல் தட்டுல வைக்காதீங்க. உள்ள இருக்கறது கால்சியம் குளோரைடு, அது உறிஞ்சி உறிஞ்சி உப்புத்தண்ணியா ஆயிடும், எனக்கு அது சாஞ்சு நான் மூணு மாசம் ஒழச்ச மூடி மேல ஒழுகிடுச்சு, ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா குழி குழியா தின்னுருக்கு.

அந்த மூடிய மறுபடியும் பண்ணறப்ப இன்னொன்னும் பண்ணினேன் பாருங்க. அம்மா குடைஞ்சு குடுத்த முன்பக்க வளைவு இருக்கறதால எடது தோளும் வலது தோளும் ஒண்ணு கெடையாது, ரெண்டாவதுக்கு அட்டைய கவுத்துப் போட்டு வரையணும். நான் கவுக்கல. இப்ப எங்கிட்ட எடது தோள் ரெண்டு இருக்கு. அட்டை மேலயே பெருசா எடது, வலது, முன்னாடி, பின்னாடின்னு மார்க்கர்ல எழுதிட்டு அப்புறம் தகட்டத் தொடுங்க.