பேஸ்மென்ட் வீடு எடுப்பதற்கு முன்

கனடாவில் டொரொன்டோ, ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்டன் பக்கம் வந்து சேரும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் வீடு பேஸ்மென்ட்தான், அதாவது ஒரு வீட்டின் நிலத்தடித் தளம். வாடகை குறைவு, மேலே தமிழ் பேசும் குடும்பம், தனி வாசல். நல்ல தொடக்கம் என்றே சொல்வேன். ஆனால் மனிதர் குடியிருக்கத் தகாத பேஸ்மென்ட்டுகளும் வாடகைக்கு விடப்படுகின்றன.

வீடு பார்க்கப் போனால் சமையலறையைப் பார்ப்பதற்கு முன் படுக்கையறைச் சன்னலைத் திறந்து பாருங்கள். படிக்கட்டில் தீப்பிடித்தால் ஒரு பெரியவர் அதன் வழியாக வெளியேற முடியுமா? முடியாது என்றால், வேறொரு பாதுகாப்பான வழி இல்லை என்றால், வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம். புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவைக் கண்டறியும் கருவியும் இருக்கின்றனவா, வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பெரும்பாலும் உங்கள் அறைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதிலிருந்து கசியக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

சுவரின் அடிப்பகுதியையும் கம்பள மூலைகளையும் தொட்டுப் பாருங்கள். ஈரவாடை அடித்தால், பனி உருகும் மாதங்களில் நீர் உள்ளே வந்திருக்கக்கூடும். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் மேல்வீட்டில் இருந்தால் குளிர்காலத்தில் அது யார் கையில் என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். டொரொன்டோவில் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை செல்சியஸ் வெப்பம் தருவது உரிமையாளரின் கடமை.

பலருக்குத் தெரியாத ஒன்று: சமையலறையையோ குளியலறையையோ வீட்டு உரிமையாளருடனோ அவர் குடும்பத்துடனோ பகிர வேண்டிய வீடு என்றால் இந்த ஊர்கள் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டம் பொதுவாக உங்களுக்குப் பொருந்தாது. தனிச் சமையலறை கேட்பது ஆடம்பரம் அல்ல. உங்கள் சட்டப் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது.

'நம்ம ஊர்க்காரர், எழுத்தெல்லாம் எதற்கு' என்ற கூச்சத்தை விடுங்கள். மாகாண அரசின் பொது வாடகை ஒப்பந்தப் படிவம் 2018 ஏப்ரல் 30 முதல் நடைமுறையில் உள்ளது. அதையே நிரப்பிக் கையெழுத்திடுங்கள். உரிமையாளர் கடைசி மாத வாடகையை முன்பணமாக வாங்கலாம். சேதத்துக்கென்று தனிப் பணம் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. பணமாகக் கொடுத்தால் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். அதை இலவசமாகத் தரவேண்டும். மின்சாரம், இணையம், சலவை இயந்திரம், கார் நிறுத்துமிடம் வாடகையில் சேருமா, வாசலில் பனி அள்ளுவது யார் என்பதும் தாளில் இருக்கட்டும்.

மற்ற வீடுகளைப் பொறுத்தவரை, வாடகைக்கென்றே கட்டிய அடுக்குமாடியில் நிறுவனமே உரிமையாளர் என்பதால் 'மகனுக்குத் திருமணம், வீடு வேண்டும்' என்று யாரும் உங்களை வீட்டிலிருந்து எழுப்ப மாட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமையாளர் உள்ள அடுக்குமாடியான கொண்டோவிலும் பேஸ்மென்ட்டிலும் அப்படி நடக்கலாம். அப்போது குறைந்தது 60 நாள் எழுத்து அறிவித்தலும் பொதுவாக ஒரு மாத வாடகைக்கு ஈடான இழப்பீடும் உங்களுக்கு உரியவை. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடான டவுன்ஹவுஸ், பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு வசதி, வாடகை கூடுதல்.

எந்த வீடானாலும் குடியிருப்பவருக்கான காப்புறுதி எடுத்துவிடுங்கள். பேஸ்மென்ட் என்றால் கழிவுநீர் மேலெழுந்து வரும் சேதமும் அதில் அடங்குமா என்று கேட்டு எடுங்கள். பல காப்புறுதிகளில் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.