சமையலறைச் சீரமைப்பு: கொட்டேஷனை எடைபோடும்போது செய்யக்கூடாத தவறுகள்

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, கூடுதலையும் குறைவையும் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வது பலருடைய வழக்கம். நானும் அப்படித்தான் செய்தேன். வேலை தொடங்கி, பழைய டைல்ஸை உடைத்து எடுத்த அன்று சுவர்ப்பூச்சும் பாளம் பாளமாகச் சேர்ந்து பெயர்ந்து விழுந்தது. செங்கல் தெரிந்தது. கொட்டேஷன் தாளை எடுத்துப் பார்த்தேன். "பழைய டைல்ஸ் அகற்றுதல்" என்று ஒரு வரி, அதற்குக் கீழே "புதிய டைல்ஸ் பதித்தல்" என்று ஒரு வரி. இரண்டுக்கும் நடுவில் நடக்க வேண்டிய பூச்சு வேலைக்கு வரியே இல்லை. மேஸ்திரி என்னை ஏமாற்றவில்லை, எழுதியதைச் செய்தார். விலை அதிகம் என்று நான் ஒதுக்கிவைத்த கொட்டேஷனில் அந்த வரி இருந்தது.

அதற்குப் பிறகு எந்தக் கொட்டேஷனிலும் மொத்தத் தொகையைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன்.

உண்மையில் முதல் தவறு, கொட்டேஷன் கைக்கு வரும் முன்பே நடந்துவிடுகிறது. முதலில் வந்தவரிடம் இழுப்பறைகள் நிறைய வேண்டும் என்கிறோம். அடுத்தவர் வருவதற்குள் மனம் மாறி, கதவு வைத்த அலமாரியே போதும் என்கிறோம். மூன்றாமவரிடம் இரண்டையும் சொல்லாமல் "நல்லா செய்து கொடுங்கள்" என்று விட்டுவிடுகிறோம். மூவரும் மூன்று வேறு சமையலறைகளுக்கு விலை போட்டுக் கொடுக்கிறார்கள். நாம் அவற்றை அடுக்கிவைத்து ஒப்பிடுகிறோம். இதைத் தவிர்க்க ஒரு தாள் போதும். எத்தனை இழுப்பறை, எத்தனை கதவு, சிங்க் எங்கே, அடுப்பு எங்கே, எத்தனை மின்முனைகள், எதை இடிக்க வேண்டும், எது அப்படியே இருக்க வேண்டும் என்பதை அளவுகளோடு எழுதி, எல்லோருக்கும் அதே தாளின் நகலைக் கொடுங்கள். நேரில் வந்து அளக்காமல், அலைபேசியில் அனுப்பிய படத்தைப் பார்த்துச் சொன்ன தொகையைக் கொட்டேஷனாகவே எண்ணாதீர்கள். சுவர்கள் நேராக இருக்கின்றனவா, மூலை சரியான செங்கோணமா என்பதெல்லாம் படத்தில் தெரியாது.

அடுத்தது அளவுக் கணக்கு. அதிகப் பேர் சறுக்குவது இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். மேடைக்குக் கீழே 10 அடி நீளம், இரண்டேமுக்கால் அடி உயரம், 2 அடி ஆழத்தில் அலமாரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நீள அடிக்கு 100 என்கிறார் (நாணயம் எதுவாகவும் இருக்கட்டும்). இன்னொருவர் சதுர அடிக்கு 45 என்கிறார். மூன்றாமவர் சதுர அடிக்கு வெறும் 10 என்கிறார். காதுக்கு மூன்றாமவர்தான் மலிவு.

இப்போது பெருக்கிப் பாருங்கள். முதலாமவருக்கு 10 அடி என்றால் 1,000. இரண்டாமவர் முன்முகப்பை மட்டும் அளக்கிறார், 27.5 சதுர அடி, ஏறக்குறைய 1,238. மூன்றாமவர் உள்ளே போகும் ஒவ்வொரு பலகையையும் அளக்கிறார். 2 அடி அகலத்தில் ஐந்து பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பக்கப் பலகைகள் இரண்டும் சேர்ந்து 11 சதுர அடி, அடிப்பலகை 4, நடுத்தட்டு 4, பின்பலகை ஐந்தரை, கதவு ஐந்தரை. பெட்டிக்கு 30, ஐந்துக்கு 150. மொத்தம் 1,500! அடிக்கணக்கில் விலை கேட்டால் எதை, எப்படி அளப்பீர்கள் என்று அதே மூச்சில் கேட்டுவிட வேண்டும். "இந்தப் படத்தில் உள்ளபடி செய்து முடிக்க மொத்தம் எவ்வளவு" என்று ஒரே தொகையாக எழுதி வாங்குவது இன்னும் நல்லது.

"பிளைவுட் அலமாரி" என்று இரண்டே சொல்லில் பொருளை முடித்துவிடும் கொட்டேஷனும் ஆபத்தானது. பிளைவுட்டின் அடுக்குகளை ஒட்டும் பசையைப் பொறுத்து அதன் ஆயுள் மாறும். வெறும் ஈரப்பதம் தாங்கும் ரகம் வேறு, கொதிநீரையும் தாங்கும் ரகம் வேறு. சிங்க்குக்குக் கீழே முதல் ரகத்தைப் போட்டால் சிறு கசிவிலேயே பலகை உப்பி, அடுக்கு பிரிந்துவிடும். தடிமனையும் எழுதச் சொல்லுங்கள். 18 மில்லிமீட்டர் பலகை, அதே பொருளில் 12 மில்லிமீட்டர் பலகையைவிட மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பானது. கனமான பாத்திரங்களை ஏற்றிய தட்டு சில மாதங்களில் நடுவில் தொய்வதற்கு இந்த ஆறு மில்லிமீட்டர் காரணமாக இருக்கலாம். வெட்டிய விளிம்புகளை நான்கு பக்கமும் மூடி ஒட்டுவார்களா, கண்ணில் படும் பக்கம் மட்டுமா என்பதையும் கேளுங்கள். தண்ணீர் உள்ளே நுழைவது விளிம்பு வழியாகத்தான். கீல், இழுப்பறைச் சானல் (இழுப்பறை வழுக்கி ஓடும் தண்டவாளம்) இரண்டுக்கும் நிறுவனத்தின் பெயரோடு மாடலும், சானல் தாங்கும் எடையும் எழுத்தில் இருக்கட்டும். கொட்டேஷன்களுக்கு இடையிலான வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்தச் சின்ன இரும்புச் சாமான்களுக்குள் ஒளிந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மேடைக்கல்லுக்கு சிங்க் துளை வெட்டுவது, விளிம்பு பாலிஷ் செய்வது ஆகியவை தனிக் கணக்கா என்று கேட்டுக்கொண்டால் போதும். இடித்த குப்பையை யார் அள்ளுவது என்பதும் அப்படியே.

மின்வேலையில் மட்டும் அவசரம் கூடாது. 7 கிலோவாட் இண்டக்ஷன் அடுப்பு, 230 வோல்ட்டில் 30 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு வீட்டின் முதன்மை மின்பலகையிலிருந்தே தனி வயர் வர வேண்டும். "மின்முனை பொருத்துதல்" என்ற வரிக்குள் அந்த வயர் அடங்குமா, அடங்காதா? குழாய்களைச் சுவருக்குள் புதைப்பதாக இருந்தால், பூசி மூடும் முன் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்களா? சோதனைக்கு ஒரு வரி ஒதுக்கியவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் நான் அவர் பக்கம்தான் சாய்வேன்.

"தேவைப்பட்டால் கூடுதல்", "அன்றைய விலைப்படி" போன்ற சொற்களைக் கண்டால் பேனாவால் வட்டமிடுங்கள். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று உடைக்கும் முன் யாராலும் சொல்ல முடியாது. அதனால் இந்தச் சொற்கள் எல்லாமே தந்திரம் அல்ல. ஆனால் தேவைப்பட்டால் என்ன விலைவீதம் என்பதை இன்றே எழுதலாம். சுவர் திறந்து கிடக்கும் நாளில் பேரம் பேசும் நிலையில் நாம் இருக்க மாட்டோம்.

பேரத்தைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. வேலையைக் குறைக்காமல் தொகையை மட்டும் அடித்துக் குறைத்தால், அந்தக் குறைவு எங்கேயாவது போய்த்தான் தீரும். பெரும்பாலும் பின்பலகை, வயர், சுவருக்குள் போகும் குழாய் என்று நம் கண்ணுக்கு எட்டாத இடங்களுக்கு. கைத்தொழில் செய்பவருக்கும் கூலி கட்டுப்படியாக வேண்டும். கையில் பணம் குறைவென்றால் மேல் அலமாரியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கிறேன் என்று சொல்லுங்கள். நல்ல தச்சர் எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்று அவரே சொல்வார்.

பாதிக்கு மேல் முன்பணம் கேட்பவரிடம் காரணம் கேளுங்கள். இடிப்பு முடிந்ததும், பெட்டிகள் வந்து இறங்கியதும், மேடை பதித்ததும் என்று பணத்தை வேலையின் படிகளோடு கட்டிவையுங்கள். இடையில் மனம் மாறி எதையாவது கூட்டினால், அன்றைக்கே விலையோடு ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பத்தில் ஒரு பங்கைக் கடைசி நாளுக்கு நிறுத்திவைப்பதாகக் கொட்டேஷனிலேயே எழுதிக்கொள்ளலாம். அந்தப் பணத்தைக் கொடுக்கும் முன் சிங்க்கை விளிம்புவரை நிரப்பி, அடைப்பை எடுத்து ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். கீழே குனிந்து, ஒவ்வொரு குழாய் இணைப்பையும் உலர்ந்த தாளால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். தாள் நனையவில்லை என்றால் பணத்தைக் கொடுத்துவிடலாம்.